இரும்புக் கதோட்டு ஆய்வுக்கு ஒரு மானியம்: தேசிய விஞ்ஞான மன்றத்துக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் ஆராய்ச்சி மானியக் குழுவினருக்கும்,

கொழும்பில் இலிதியம் மின்கலங்களின் கதோட்டுப் பொருள்களை, அதாவது நேர்முனைக்குரிய பொருள்களை, ஆராயும் மாணவி நான். இரும்பை அடிப்படையாகக் கொண்ட கதோட்டுகளுக்கென்று தனி மானியம் ஒதுக்குமாறு உங்களை வேண்டி இம்மடலை எழுதுகிறேன்.

1997இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் குடினஃப் குழுவினர் இலிதியம் இரும்புப் பொசுபேற்றைக் கதோட்டாக அறிமுகப்படுத்தினர். மின்னைக் கடத்துவதில் மிகவும் பின்தங்கியிருந்த அப்பொருள், துகள்களைச் சிறிதாக்கிக் காபன் படலம் பூசும் முறைகள் வந்த பின்னரே நடைமுறைக்கு உதவியது. அதில் ஒட்சிசன் பொசுபரசுடன் இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் எளிதில் விடுபடுவதில்லை; எனவே தீப்பற்றும் அபாயம் குறைவு. தொடர்மாடி வீடுகள் நெருங்கி நிற்கும் நம் நகரத்துக்கு இதைவிட முக்கியமான பண்பு வேறில்லை என்பேன். ஆயினும் ஓர் இரும்பு அணு ஓர் இலத்திரனையே கொடுப்பதால், கிராமுக்கு ஏறத்தாழ 170 மில்லி அம்பியர் மணி என்பது அது சேமிக்கக்கூடிய மின்னேற்றத்தின் கோட்பாட்டு எல்லை. இரும்புச் சிலிக்கேற்று, புளோரைட்டு போன்ற சேர்வைகளைக் கொண்டு அந்த எல்லையைக் கடக்கும் முயற்சி இன்னும் முடிவுறவில்லை. நாமும் நுழையக்கூடிய வாசல் அது.

நம் நாட்டின் புல்மோட்டை மணலில் இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த இல்மனைற்றுக் கனிமம் இருக்கிறது. அதைச் சல்பூரிக் அமில முறையில் பதப்படுத்தி வெண்ணிறமியைப் பிரித்தெடுத்தால் பெரசு சல்பேற்று என்னும் இரும்புச் சேர்வை பக்கவிளைபொருளாக மிஞ்சும். இரும்புப் பொசுபேற்றுத் தயாரிப்புக்கு அதுவே மூலப்பொருளாகும். எப்பாவலவில் அப்பத்தைற்று என்னும் பொசுபேற்றுக் கனிமம் உண்டு. அது நீரில் எளிதில் கரையாததாகையால், முதலில் பொசுபாரிக் அமிலமாக மாற்றியாக வேண்டும். இலிதியத்தை இறக்குமதிதான் செய்யவேண்டும் என்பதை நான் மறைக்கவில்லை.

சென்ற ஆண்டு நாங்கள் 700 பாகை செல்சியசில் ஒரு மாதிரியைச் சுட்டுக்கொண்டிருந்தபோது, நள்ளிரவில் நைதரசன் சிலிண்டர் தீர்ந்துபோனது. காலையில் உலைக்குழாயைத் திறந்தபோது, கரும்சாம்பல் நிறத்தில் இருக்கவேண்டிய தூள் செம்மண் நிறத்தில் கிடந்தது. காற்றுப் பட்டு இரும்பு ஒட்சியேறிவிட்டது. மூன்று வார உழைப்பு வீணாயிற்று. மாற்றுச் சிலிண்டர் வாங்க எங்களிடம் பணம் இருக்கவில்லை.

நாங்கள் தொழிற்சாலை கேட்கவில்லை. தொடர்ச்சியான வாயு விநியோகம், காற்றுப் படாமல் வேலைசெய்ய ஆகன் வாயு நிரப்பிய கையுறைப் பெட்டி, மின்னேற்ற மின்னிறக்கச் சோதனைக் கருவி ஆகியவற்றை எல்லாப் பல்கலைக்கழக மாணவர்களும் முறைவைத்துப் பயன்படுத்தும்படி ஒரே இடத்தில் அமைத்துத் தாருங்கள். அடுத்த மானிய அழைப்பிலேயே இதைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
இரசாயனவியல் ஆய்வு மாணவி ஒருத்தி
கொழும்பு