யூரோவிஷனுக்கு ஒரு ரொமான்ஷ் பாட்டு அனுப்புங்கள்

சுவிஸ் ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஆர்ஜியில் யூரோவிஷன் பாட்டுப் போட்டிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். வருடம் 335 பிராங் ஒலிபரப்புக் கட்டணம் கட்டுகிற வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. 2025 மே 17 இரவு நம் பாசல் நகரில் நடந்த, ஐரோப்பிய நாடுகள் பாட்டோடு மோதுகிற யூரோவிஷன் இறுதிப்போட்டியைக் குடும்பமாக இருந்து பார்த்தோம். நடுவர் புள்ளிகள் முடிந்தபோது நம்முடைய பாடகி சோயி மே 214 புள்ளிகளோடு இரண்டாம் இடத்தில் நின்றார், என் மகள் சோபாவில் ஏறி நின்று கத்தினாள். அப்புறம் மக்கள் வாக்கு வந்தது. பூச்சியம். சொந்த நாட்டுக்கு வாக்குப் போட முடியாது என்பது விதி, அதனால் மண்டபம் நிறைய இருந்த நம் சனத்தாலும் ஒன்றும் செய்ய ஏலாது. மகள் மெதுவாக இறங்கி உட்கார்ந்துவிட்டாள்.

மொத்தத்தில் பத்தாம் இடம், அது ஒன்றும் மோசமில்லை. ஆனால் அந்தப் பூச்சியத்தைப் பார்த்துவிட்டு, பிரெஞ்சில் பாடினதால்தான் இப்படி, இனி ஆங்கிலமே போதும் என்று நீங்கள் முடிவெடுத்துவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன். 2022இல் நமக்காக மாரியஸ் பேர் ஆங்கிலத்தில்தானே பாடினார், அவருக்கும் மக்கள் வாக்கில் பூச்சியம்தான். அதே பாசல் மேடையில் சுவீடனுக்காகப் பாடிய மூன்று பேரும் பின்லாந்தில் சுவீடிஷ் பேசுகிற பகுதியிலிருந்து வந்தவர்கள், தங்கள் ஊர் வழக்கிலேயே சோனா குளியலைப் பற்றிப் பாடி நான்காம் இடத்துக்கு வந்தார்கள். 2017இல் போர்த்துகல் முதன்முறையாக வென்றதும் போர்த்துகீசிய மொழிப் பாட்டோடுதான்.

நமக்கோ நான்கு தேசிய மொழிகள்: ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரொமான்ஷ். அதில் ரொமான்ஷ் யூரோவிஷன் மேடையில் ஒலித்தது ஒரே ஒரு தடவை: 1989, லோசான். முந்தைய வருடம் செலின் டியோன் நமக்காக ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றதால் போட்டி நம் வீட்டுக்கு வந்தது, ஃபுர்பாஸ் குழு ரொமான்ஷில் பாடி 13ஆம் இடம் பிடித்தது. அதோடு சரி.

பத்து பிராங் தாளை எடுத்துப் பாருங்கள், தேசிய வங்கியின் பெயர் ரொமான்ஷிலும் அச்சாகியிருக்கும். கடவுச்சீட்டிலும் உண்டு. கடையில் வாங்கும் பால் பெட்டியில் தேடினால் பெரும்பாலும் மூன்று மொழிகள்தான். 1938இல் இந்த நாட்டு மக்கள் பெருவாரியாக வாக்களித்துத் தேசிய மொழியாக்கிய மொழி அது, இன்றைக்கு அதைக் கதைப்பவர்கள் அறுபதாயிரம் பேர் அளவில்தான்.

நான் தமிழ். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒன்று தெரியும், இலக்கணப் புத்தகத்தை விரித்தால் கொட்டாவி விடுகிற பிள்ளை, ஒரு பாட்டுப் பிடித்துவிட்டால் சொல்லுக்குச் சொல் அர்த்தம் கேட்டு நம்மை உயிரெடுக்கும். ரொமான்ஷ் கதைக்கிற கிராவ்புண்டன் மாநிலப் பள்ளத்தாக்குகளில் உள்ள பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு பாட்டு வேண்டும். ஐரோப்பா முழுக்கப் பார்க்கிற மேடையில் அவர்கள் பாட்டியின் மொழி ஒலிக்கட்டும்.

வெல்ல வேண்டும் என்பதல்ல என் கோரிக்கை. பாட்டு எழுதுபவர்களைக் கூட்டி முகாம் நடத்துகிறார்கள்தானே, 2024இல் நமக்காக வென்ற நேமோவின் பாட்டு அப்படி ஒரு முகாமில் பிறந்ததுதான். அடுத்த முகாமுக்கு ரொமான்ஷில் எழுதுகிற இரண்டு மூன்று பேரைக் கூப்பிடுங்கள். உங்களுடைய ரொமான்ஷ் பிரிவான ஆர்டிஆரில் கேட்டால் அன்றைக்கே பெயர் தருவார்கள். வருகிற பாட்டை மற்றப் பாட்டுகளோடு சேர்த்து உங்கள் தேர்வுக் குழுக்கள் கேட்கட்டும். பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த வருடம் இன்னொன்றைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
பாசலிலிருந்து ஒரு தமிழ்த் தாய்