இலவச மின்சாரமும் பழைய மின்விசிறியும்

ஆசிரியருக்கு,

எரிசக்திச் சிக்கனம் வளர்ச்சிக்குத் தடையல்ல என்கிறது பொருளியல். சரி, பெங்களூரு வீடுகளில் அது ஏன் எடுபடவில்லை?

பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும்; பிஎல்டிசி (மின்னணுச் சுற்றால் இயங்கும் சிக்கன மோட்டார்) விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 197 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 1,180 ரூபாய். ஆனால் கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் சேர்ந்த வீடுகளில், பொதுவாக 2022-23 மாதச் சராசரிப் பயன்பாட்டோடு இன்னும் 10 விழுக்காடு வரை (உச்சம் மாதம் 200 யூனிட்) கட்டணமே கிடையாது. விசிறிச் செலவு குடும்பத்துக்கு, மிச்சம் அரசுக்கு! வாடகைக் குடித்தனம் என்றால் கேட்கவே வேண்டாம்.

மானியத்தில் ஒரு பங்கை விசிறியாகவே கொடுக்கலாம். மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேரடி இணைப்பு கொடுக்க வேண்டும். விட்டுவைத்தால் ரெகுலேட்டர் மின்னழுத்தத்தைக் குறைக்கும். விசிறி திணறும், உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டும் பழுதாகலாம். பழி விசிறி மேல் விழும்.

சிக்கனமான எந்திரம் வந்தால் நிலக்கரிப் பயன்பாடு கூடும் என்று 1865-லேயே ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவன்ஸ் எச்சரித்தார். உண்மைதான், ஆனால் எந்திரத்தை ஓட்டும் செலவு குறைவதால் வரும் விளைவு அது. ஏற்கெனவே இலவசமாக ஓடும் விசிறியை இதற்கு மேல் எவ்வளவு நேரம் ஓட்டிவிட முடியும்?

- வாசகர், அல்சூர், பெங்களூரு