அடத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது: விட்டுப்போன பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் குழந்தை வளர்ப்புப் பகுதியில், குழந்தை அடம் பிடித்தால் கண்டுகொள்ளாமல் விடுங்கள், இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கிவிடும் என்று ஓர் ஆலோசனை வந்திருந்தது. ஆலோசனை தவறல்ல. ஆனால் பாதிதான் அச்சாகியிருக்கிறது. மீதிப் பாதி தெரியாமல் இதைச் செய்து பார்க்கும் வீட்டில் அடம் குறைவதற்குப் பதில் முற்றிப்போகும். உளவியல் பாடம் நடத்துபவன் என்ற முறையில் அந்த மீதியை எழுதுகிறேன்.

ஒரு செயலுக்குப் பிறகு என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அது வலுக்கும் அல்லது நலியும். 1898-இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் பசித்த பூனைகளைக் கூண்டில் அடைத்து, தாழை நீக்கி வெளியே வந்தால் உணவு என்று வைத்துப் பார்த்தார். முதலில் பிறாண்டியும் கடித்தும் தற்செயலாகத்தான் தாழ் திறந்தது. தடவைக்குத் தடவை வீண் வேலைகள் குறைந்து, கடைசியில் பூனை நேரே தாழுக்கே போனது. பின்னாளில் இன்னோர் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் இதை இன்னும் சுருக்கினார்: எலி நெம்புகோலை அழுத்தினால் ஓர் உணவு உருண்டை விழும். ஒருநாள் அவருடைய உருண்டை போடும் பொறி சிக்கிக்கொண்டது. எலி அழுத்துகிறது, எதுவும் விழவில்லை. உடனே அது ஓய்ந்துவிடவில்லை. விடாமல் அழுத்தி, பிறகு மெல்ல மெல்லத்தான் விட்டது. பயன் நின்றால் செயல் மறையும் என்பதற்கு ஸ்கின்னரிடம் கிடைத்த முதல் பதிவு அந்தப் பழுதிலிருந்து வந்ததுதான். கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்ற ஆலோசனையின் வேர் இங்கே இருக்கிறது.

இதை ஒரு பெட்டிக்கடை வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட் நான்கு வயதுப் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. 'வேண்டாம்' என்கிறார் அம்மா. முனகல். மறுபடியும் 'வேண்டாம்'. அழுகை. மூன்றாவது 'வேண்டாம்'. பிள்ளை தரையில் உட்கார்ந்து காலை உதைக்கிறது, கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், பத்து ரூபாய் கைமாறுகிறது. 'சனியன் விட்டது' என்று அம்மா நினைக்கிறார். இங்கே பாடம் படித்தவர்கள் இருவர். முனகலும் சாதாரண அழுகையும் செல்லாது, தரையில் புரண்டால்தான் கிடைக்கும் என்பதைப் பிள்ளை படித்துக்கொண்டது. பணம் கொடுத்தால் சத்தம் நிற்கும் என்பதை அம்மா படித்துக்கொண்டார். அடுத்த முறை பிள்ளை முனகலைத் தாண்டி நேரே தரைக்குப் போகும். அம்மாவின் கை இன்னும் சீக்கிரம் பர்ஸுக்குப் போகும்.

விட்டுப்போன முதல் செய்தி: கண்டுகொள்ளாமல் விடத் தொடங்கியதும் அடம் குறைவதற்கு முன் கூடலாம். சத்தம் ஏறும், நேரம் நீளும், இதுவரை செய்யாத புதிய வித்தையெல்லாம் வரும். இது எல்லாப் பிள்ளைகளிடமும் வருவதில்லை. நடத்தை ஆய்வாளர்களான டோரதியா லெர்மனும் பிரையன் இவாடாவும் 1995-இல் இத்தகைய 113 சிகிச்சைப் பதிவுகளை அலசினார்கள். பயனை நிறுத்துவதை மட்டும் செய்த இடங்களில் 36 சதவீதத்தில் இந்த ஏற்றம் இருந்தது. அதனுடன் வேறு உத்திகளையும் சேர்த்துச் செய்த இடங்களில் 12 சதவீதம்தான். வெறுமனே கண்டுகொள்ளாமல் விடுவதுதான் இருப்பதிலேயே கடினமான வழி என்பது இதிலிருந்தே தெரியும். தங்கள் பகுதி பரிந்துரைத்தது அதைத்தான்.

இரண்டாவது செய்தி இதைவிட முக்கியம். ஏற்றத்தின் உச்சியில் மனம் இளகி விட்டுக்கொடுத்தால், தொடங்காமலே இருந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அதைவிட நிலைமை மோசமாகும். காரணத்துக்கு மறுபடியும் ஸ்கின்னரிடம் போக வேண்டும். உணவு உருண்டைகளை அவரே கையால் செய்துகொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை இருப்பைக் கணக்குப் பார்த்தால், அன்று மாலை முழுக்க உட்கார்ந்து செய்யாவிட்டால் திங்கட்கிழமை காலைக்குத் தாங்காது என்று தெரிந்தது. அவர் செய்ததோ, ஒவ்வோர் அழுத்தலுக்கும் கொடுப்பதை விட்டுவிட்டு நிமிடத்துக்கு ஓர் உருண்டை மட்டும் கொடுத்ததுதான். எலிகள் சளைக்காமல் அழுத்திக்கொண்டிருந்தன. எப்போதாவது மட்டும் பயன் கிடைக்கும் செயல், எப்போதும் பயன் கிடைக்கும் செயலைவிட மறைய நெடுநேரம் எடுக்கும் என்பது பின்னர் பல உயிரினங்களிடம் உறுதியானது. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்யும்வரை தினக்கூலியில் பாதியைச் சீட்டில் போட்டவர்களைப் பிடித்துவைத்திருந்ததும் இதே கணக்குதான். ஐந்து நாள் அசையாமல் இருந்துவிட்டு ஆறாம் நாள் கொடுக்கும் வீடு, 'ஆறு நாள் அழலாம், கிடைக்கும்' என்று கற்றுக்கொடுக்கிறது. அம்மா மறுத்ததைப் பாட்டி முந்தானைக்குள் வைத்துக் கொடுப்பதும் இதில்தான் சேரும். பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் முன்கூட்டியே யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள்.

1959-இல் கார்ல் வில்லியம்ஸ் வெளியிட்ட ஒரு பதிவு இதை அப்படியே காட்டுகிறது. 21 மாதக் குழந்தை. முதல் 18 மாதங்களில் பெரும்பகுதி நோயாகக் கிடந்ததால் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். உடல் தேறிய பிறகும் தூங்க வைத்தவர் அறையை விட்டு நகர்ந்தால் வீறிட்டு அழும். ஒவ்வோர் இரவும் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் யாராவது காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. குழந்தைக்கு உடலில் கோளாறு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகே வேலையைத் தொடங்கினார்கள். அன்பாகப் பேசிப் படுக்க வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே வந்தார்கள், திரும்பப் போகவில்லை. முதல் முறை 45 நிமிட அழுகை. பத்தாவது முறையில் சிணுங்கல்கூட இல்லை, சிரித்தபடி வழியனுப்பியது. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, வீட்டிலிருந்த இன்னோர் உறவுக்காரப் பெண் படுக்க வைத்தபோது குழந்தை மீண்டும் அழுதது. அவர் திரும்பிப் போய் அது தூங்கும்வரை கூடவே இருந்தார். அவ்வளவுதான், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. இரண்டாம் சுற்றுக்குப் பிறகு பிரச்சினை வரவில்லை.

ஒரு வாரம் கழித்து வந்த அந்த அழுகை அதிசயமில்லை. மறைந்த பழக்கம் இடைவெளிக்குப் பின் தானே தலைகாட்டும் என்பதை நாய்களின் உமிழ்நீரை அளந்த இவான் பாவ்லோவ் முன்பே கண்டிருந்தார். பழையது அழிவதில்லை, அமுங்குகிறது. ஆள் மாறினாலும் இடம் மாறினாலும் மேலே வரும். ஊருக்குப் போகும்போதும் விருந்தாளி வரும்போதும் எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

இனிச் செய்முறை. முதலில் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போட்டு எழுதுங்கள்: அடத்துக்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது (எத்தனை நிமிடம்), அதன்பின் என்ன கிடைத்தது. மூன்றாம் பத்தியைப் படித்தாலே அடம் எதற்காக என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள்தான் அதிகம் வழுக்குகிறார்கள். கவனத்துக்காக அழும் பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விடலாம். செல்போனுக்காக அழுதால் முகத்தைத் திருப்பிக்கொள்வதல்ல காரியம், செல்போன் கைக்குப் போகக் கூடாது. பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதில் தவறில்லை. வீட்டுப்பாடத்திலிருந்து தப்பிக்கப் புத்தகத்தை எறிகிற பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அது கேட்ட பரிசையே கையில் கொடுத்ததாக ஆகும். 'போய் மூலையில் உட்கார்' என்பதும் அங்கே பரிசுதான். பத்துக் கணக்கை இரண்டாகக் குறைத்து, கோபப்படாமல் அந்த இரண்டையும் முடிக்க வைக்க வேண்டும்.

அடுத்து, அழுது பெற்றதைப் பெற வேறு வழி ஒன்று திறந்திருக்க வேண்டும். 'அம்மா, வா', 'கஷ்டமா இருக்கு', 'அஞ்சு நிமிஷம்' என்று கேட்கக் கற்றுக்கொடுத்து, கேட்டால் உடனே, ஒவ்வொரு தடவையும் பலன் கிடைக்கச் செய்யுங்கள். உடனே என்றால் சில நொடிகளுக்குள். சாயங்காலம் வாங்கித் தருகிறேன் என்ற வாக்குறுதி இந்த வயதில் எந்தச் செயலோடும் ஒட்டாது. புதுப் பழக்கம் ஊன்றிய பிறகு, தினமும் கொஞ்சமாகக் காத்திருக்கப் பழக்கலாம். முன்பு சொன்ன அந்த 12 சதவீதம் இப்படி வேறு உத்திகளும் சேர்ந்திருந்த பதிவுகளில் கண்டதுதான்.

தொடங்கும் நாளும் முக்கியம். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் விசேஷம், மறுநாள் தேர்வு என்றால் தள்ளிப் போடுங்கள். வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும் தள்ளிப் போடுங்கள். ஒரு மணி நேர அழுகையைத் தாங்க முடியாது என்று தெரிந்தால், அந்தப் பொருளை முதல் முனகலிலேயே கொடுத்துவிடுவது இருபதாவது நிமிடத்தில் கொடுப்பதைவிட மேல். கேட்க விந்தையாக இருக்கும், ஆனால் அதுதான் சரி.

எல்லா அழுகையும் அடம் அல்ல. கைக்குழந்தையின் அழுகை, பசி, வலி, தலையைச் சுவரில் மோதிக்கொள்வது, வண்டி வரும் சாலையில் ஓடுவது ஆகியவற்றில் கண்டுகொள்ளாமல் விடும் பேச்சுக்கே இடமில்லை. பயந்து அழுவதும் வேறு இனம். மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதியிருக்கிறார். பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைக் கூண்டோடு தூரத்தில் வைத்து, அவன் கலங்காத அளவுக்கு நாளுக்கு நாள் பக்கம் கொண்டுவந்தார்கள். நாய்க்கோ இருட்டுக்கோ பயப்படும் பிள்ளைக்கு வழி இதுதான்.

இரண்டு மூன்று வாரம் ஒரே மாதிரி செய்தும் நோட்டில் நிமிடங்கள் குறையவில்லை என்றாலோ, பிள்ளைக்குப் பேச்சு வருவது தாமதம் என்றாலோ, குழந்தை மருத்துவரிடமோ குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலோ காட்டுங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளுக்கான பதில் அந்த மூன்று பத்திகளில் இருக்கும்.

இப்படிக்கு,
உளவியல் விரிவுரையாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி