என்.பி.ஏ. பயிற்சியாளர்களே, எதிரணி கேட்கிற ஆளைச் சும்மா கொடுக்காதீர்கள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஆடும் அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களுக்கு வணக்கம்.

கிளீவ்லாந்தும் கோல்டன் ஸ்டேட்டும் மோதிய 2016 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 89-89 என்று சமநிலை, ஒரு நிமிடம்கூட முழுசாக மீதி இல்லை. கிளீவ்லாந்தின் கைரி இர்விங்கைத் தடுத்துக்கொண்டிருந்தவர் கோல்டன் ஸ்டேட்டின் கிளே தாம்சன். இர்விங்கின் சக வீரர் ஜே.ஆர். ஸ்மித் வந்து ஸ்கிரீன் வைத்தார், அதாவது தாம்சனின் வழியை மறித்து நின்றார், கோல்டன் ஸ்டேட் உடனே ஆளை மாற்றிக்கொண்டது (இதுதான் ஸ்விட்ச்), தாம்சன் நின்ற இடத்தில் இப்போது ஸ்டெஃபன் கரி. ஸ்மித்தை ஸ்கிரீனுக்கு அனுப்பியதே அதற்காகத்தான், ஏனென்றால் ஸ்மித்தைத் தடுக்கும் பொறுப்பு கரியிடம் இருந்தது. 53 வினாடி மீதியிருக்கும்போது இர்விங் கரியின் தலைக்கு மேலே தூரத்திலிருந்து அந்த மூன்று புள்ளி ஷாட்டை, த்ரீ பாயிண்டரைப் போட்டார். அடுத்து பந்து கோல்டன் ஸ்டேட்டிடம் வந்தது. இந்த முறை கிளீவ்லாந்து ஸ்விட்ச் செய்தது, கரியின் எதிரில் கெவின் லவ், எல்லோரும் டிஃபென்ஸில் பலவீனம் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே கெவின் லவ். கரி இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார், லவ் விடவில்லை, ஷாட் தவறியது. ஒரே நிமிடத்துக்குள் ஸ்விட்ச் ஓர் அணியைக் கவிழ்த்தது, இன்னோர் அணிக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தது.

அதனால் ஸ்விட்ச் டிஃபென்ஸே கூடாது என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அது ஏன் வந்தது என்பது ரசிகர்களுக்கும் தெரியும். ஒருவர் ஸ்கிரீன் வைத்துவிட்டு ரிங்கை நோக்கி ஓடும் பிக் அண்ட் ரோலின் உயிரே அந்த அரை வினாடி இடைவெளிதான். ஸ்கிரீனில் மாட்டியவர் சுற்றி வருவதற்குள் பந்து வைத்திருப்பவருக்கு இடம் கிடைத்துவிடுகிறது. சென்டரை, அதாவது அணியின் உயரமான ஆளை, ரிங் பக்கத்திலேயே நிறுத்திவைக்கும் டிராப் முறையில் ஆடினால், கரியும் டேமியன் லில்லார்டும் மாதிரி ஆட்கள் அந்த இடைவெளியிலேயே தூரத்திலிருந்து அடித்துவிடுவார்கள். ஆளை மாற்றிக்கொண்டால் இடைவெளியே இல்லை, உதவிக்கு இன்னொருவர் ஓடிவர வேண்டியதில்லை, மூலையில் நிற்கும் ஷூட்டரும் தனியாக விடப்படுவதில்லை.

2018-ல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் இதை எவ்வளவு தூரம் கொண்டுபோனது என்று பாருங்கள். பி.ஜே. டக்கர், டிரெவர் அரிசா, கிளின்ட் கப்பேலா என்று யார் ஸ்கிரீனில் சிக்கினாலும் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பந்தைப் பாஸ் செய்தே எதிரணியை ஓட வைத்த கோல்டன் ஸ்டேட், கெவின் டுரான்ட் ஒருவர் தனியாக மோதுவதை மற்ற நாலு பேரும் நின்று பார்க்கும் அணியாக மாறிப்போனது. மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் நாலாவது ஆட்டத்தில், அதுவும் சொந்த மைதானத்தில், கடைசிக் கால்பகுதியில் வெறும் 12 புள்ளி. ராக்கெட்ஸ் அந்தத் தொடரைத் தோற்றது உண்மைதான், ஆனால் கிறிஸ் பால் காயத்தால் கடைசி இரண்டு ஆட்டங்களிலும் இல்லை, ஏழாவது ஆட்டத்தில் தொடர்ந்து 27 த்ரீ பாயிண்டர்களைத் தவறவிட்டார்கள். அந்தத் தோல்வியை டிஃபென்ஸின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

என் வருத்தம் வேறு. ராக்கெட்ஸ் அதற்கென்றே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, யோசித்து வைத்திருந்த திட்டம் அது. இன்று பல அணிகளில் அது பழக்கமாகிவிட்டது. ஸ்கிரீன் வைக்க ஒருவர் நடந்து வருகிறார், உடம்பில் உரசக்கூட இல்லை, அதற்குள் இரண்டு டிஃபென்டர்களும் ஆளை மாற்றிக்கொள்கிறார்கள். ஸ்கிரீனைச் சண்டைபோட்டுத் தாண்டுவது கஷ்டம், 82 ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு உடம்பு வலிக்கும், எல்லாம் சரி. ஆனால் எதிரணி அதற்குள் தனக்கு வேண்டிய ஆளை இலவசமாகப் பெற்றுவிடுகிறது, ஷாட் அடிக்கத் தரப்படும் 24 வினாடியைக் கணக்கிடும் ஷாட் கிளாக்கில் பதினைந்து வினாடிக்கு மேல் மீதியும் இருக்கிறது. கெட்டிக்கார அணி என்றால் இன்னும் மோசம். ஸ்விட்ச் வரப்போகிறது என்று தெரிந்த உடனே, ஸ்கிரீன் வைக்க வந்தவர் வைக்காமலே நழுவி ரிங்கை நோக்கி ஓடிவிடுகிறார், இரண்டு பேரும் பந்து வைத்திருப்பவரோடு நிற்கிறார்கள். அப்புறம் ரீபவுண்ட், அதாவது தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது. சென்டர் வெளியே பந்தைக் கொண்டுவரும் கார்டோடு மாட்டிக்கொள்ள, உள்ளே உங்கள் குள்ளமான ஆள் எதிரணி சென்டரோடு தள்ளிக்கொண்டு நிற்கிறார். ஷாட்டைத் தவறவிட வைத்தும் பந்து திரும்ப அவர்கள் கைக்கே போகிறது, இதைவிட ஓர் அணியைச் சோர்வாக்குவது எதுவும் இல்லை.

மினசோட்டாவும் டாலஸும் மோதிய 2024 மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டம் நினைவிருக்கும். அந்த சீசனோடு நாலாவது முறையாகச் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது வாங்கியவர் மினசோட்டாவின் சென்டர் ரூடி கோபேர், ஏழடிக்கு மேல் உயரம், ரிங் பக்கத்தில் அவரைத் தாண்டிப் போடுவது லேசில்லை. அப்படிப்பட்டவரை ஆட்டத்தின் கடைசி வினாடிகளில் த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு வெளியே டாலஸின் லூகா டான்சிச்சின் முன்னால் தனியாக நிற்க வைத்தது மினசோட்டா. டான்சிச் பின்னால் ஒரு எட்டு வைத்து அடித்தார், 109-108, டாலஸ் வென்றது. எல்லோரும் கோபேரைத் திட்டினார்கள். எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை, அவருடைய பலம் எதுவுமே பயன்படாத இடத்துக்கு அவரை அனுப்பிய முடிவின் மேல்தான்.

அடுத்து வந்த இறுதித் தொடரில் அதே டான்சிச்சுக்கு பாஸ்டன் என்ன செய்தது? அவர்களும் ஸ்விட்ச்தான் செய்தார்கள், ஆனால் ஸ்கிரீன் வருவதற்கு முன்பே கணக்குப் போட்டிருந்தார்கள். டாலஸின் சென்டரோடு பல நேரம் ஜேசன் டேட்டமை நிறுத்தினார்கள், தங்கள் சென்டரை அவ்வளவாக ஷூட் செய்யாத வேறொரு ஆளோடு விட்டார்கள். டாலஸ் சென்டர் ஸ்கிரீன் வைக்க வந்தால் டான்சிச்சின் முன்னால் வந்து நிற்பவர் டேட்டம், பாஸ்டனின் பெரிய ஆள் ரிங் பக்கத்திலேயே இருக்கிறார். முதல் ஆட்டத்தில் டாலஸ் அணி முழுவதுக்கும் சேர்த்து 9 அசிஸ்ட்தான், அதாவது சக வீரரின் பாஸால் விழுந்த கூடைகள் ஒன்பதே. தொடர் 4-1 என்று முடிந்தது. பாஸ்டனில் இருந்த டெரிக் வைட், ஜ்ரூ ஹாலிடே மாதிரி தங்களைவிடப் பெரிய ஆளையும் சமாளிக்கிற கார்டுகள் எல்லா அணியிலும் இல்லை என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாரை யாரோடு நிறுத்துவது என்று முன்கூட்டியே யோசிப்பதற்கு ஹாலிடே தேவையில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். முதல் மூன்று கால்பகுதிகளில் எப்படி வேண்டுமானாலும் ஆடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் உங்கள் பலவீனமான டிஃபென்டரின் ஆள் ஸ்கிரீன் வைக்க நகரும்போதே, பந்து இல்லாத பக்கத்திலிருந்து இன்னொருவர் வந்து அந்த ஆளை வாங்கிக்கொள்ளட்டும். அது முடியாவிட்டால் பலவீனமானவர் ஒரு எட்டு வெளியே வந்து பந்தை நிறுத்திவிட்டுத் தன் ஆளிடமே திரும்பட்டும், அதற்குள் பந்து வைத்திருப்பவரைத் தடுத்துக்கொண்டிருந்தவர் ஸ்கிரீனைத் தாண்டி வந்துவிடலாம். இரண்டுமே உங்களுக்குத் தெரிந்தவைதான், பயிற்சியில் இவற்றுக்கு நேரம் ஒதுக்குங்கள். எதிரணி விரும்பிய ஜோடி கிடைப்பதற்குள் ஷாட் கிளாக்கில் எட்டு வினாடிதான் மீதி என்ற நிலைக்கு அவர்களைத் தள்ளுங்கள்.

இப்படிக்கு,
பல வருடமாக பிளேஆஃப் பார்த்துவரும் ஒரு ரசிகன்