பத்து வெள்ளைக் கூடுகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மலையில் இருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. நேற்று இரவு இறங்கி வந்து, முதுகுப் பையைக் கழற்றி வைத்த கையோடு மறுபடியும் எடுத்துப் படித்தேன். உன் முழங்கால் தேறி, மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்ற வரியைப் படித்ததும் மனசு லேசானது. மகள் கணிதம் படிக்கப் போகிறாள் என்பதில் எனக்கு ஏக சந்தோஷம். எங்கள் வேலைக்கும் கணக்குத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள் என்று அவளிடம் சொல்லி வை.

கடைசிப் பக்கத்தில் ஒன்று கேட்டிருந்தாய். “இப்போதுதான் ஒரு காலைக் கிள்ளிக் கொடுத்தால் டி.என்.ஏ. பார்த்து இனத்தைச் சொல்லிவிடுகிறார்களே, நீ ஏன் இன்னும் மலையேறிக் குளவி பொறுக்கிக்கொண்டிருக்கிறாய்?” நியாயமான கேள்விதான். மேலே இருந்த பன்னிரண்டு நாளும் அதையே மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்ல முடியும், பொறுத்துக்கொள்.

எங்கள் ஒட்டுண்ணிக் குளவிக் கணக்கெடுப்பு 500 மீட்டரில் தொடங்கி 2,300 மீட்டரில் முடிகிறது. 300 மீட்டர் உயரத்துக்கு ஓரிடம், ஆக மொத்தம் ஏழு இடங்கள். அடிவாரத்தில் முட்புதர், நடுவில் ஈரக்காடு, உச்சியில் புல்வெளி. ஒவ்வோர் இடத்திலும் ஒரு மலேய்ஸ் பொறி நிற்கிறது. பார்ப்பதற்கு வலைத்துணியில் தைத்த கூடாரம் மாதிரி இருக்கும். ஸ்வீடன் நாட்டுப் பூச்சியியலாளர் ரெனே மலேய்ஸ் கண்டுபிடித்தது. கூடாரத்துக்குள் நுழைந்துவிடும் பூச்சிகள் கீழே இறங்கி வெளியேறத் தெரியாமல் மேல் மூலையிலேயே போய்க் கூடுவதை அவர் கவனித்திருக்கிறார். அந்த மூலையில் ஒரு புட்டியை வைத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 1934-இல் பர்மா பயணத்துக்கு அப்படிப்பட்ட பொறிகளைக் கொண்டுபோனார், 1937-இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். இன்று வரை அடிப்படை மாறவில்லை. நாங்களும் மேல் மூலையில் எத்தனால் ஊற்றிய புட்டியைக் கட்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். அது போக, தரையில் மஞ்சள் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டு வைப்போம். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பொடிக் குளவிகள் பெரும்பாலும் அதில்தான் விழும்.

புட்டியைத் திறந்து வெள்ளைத் தட்டில் கவிழ்க்கும் அந்த நிமிஷம் எனக்கு இன்னும் பழகிப்போகவில்லை. முதலில் ஈக்கள், கொத்துக் கொத்தாக. அப்புறம் அந்துப்பூச்சிகள், செதில் உதிர்ந்து திரவமே கலங்கியிருக்கும். இவற்றையெல்லாம் தூரிகையால் ஒதுக்கிய பிறகுதான் குளவிகள் கண்ணுக்குத் தென்படும். நுண்ணோக்கியில் முதலில் முன்னிறகைத்தான் பார்ப்பேன். நரம்புகளுக்கு நடுவே ஓர் அறை, பக்கவாட்டில் பார்த்த குதிரைத் தலை போல, மோவாயும் பிடரியும் தெளிவாகத் தெரிந்தால் அது இக்நியூமோனிட் என்ற குடும்பம். குதிரைத் தலைக்கு அப்பால், இறகின் நுனிப் பக்கம் இருக்க வேண்டிய இரண்டாவது குறுக்கு நரம்பு இல்லாவிட்டால் அநேகமாக அதன் நெருங்கிய உறவான பிராக்கோனிட் குடும்பம். இறகில் நரம்பே ஏறக்குறைய இல்லை, உடம்பு மட்டும் பச்சையும் செம்புமாக மின்னுகிறது என்றால் கால்சிட் வகை. நாம் ஆய்வுக்கூடத்தில் கரப்பானின் இறகை வரைந்த நாட்களில் ஒரு நரம்பு தவறினாலும் அழித்துவிட்டு மறுபடி வரைவாயே, அந்தக் கண் இப்போது எனக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

உன் மகள், ‘ஒட்டுண்ணி என்றால் பேன், உண்ணி மாதிரியா?’ என்று கேட்டால் இப்படிச் சொல். பேன் தான் ஒட்டியிருக்கும் உடம்பைக் கொல்வதில்லை, இந்தக் குளவிகளின் குஞ்சுகள் கொன்றுவிடும். தாய்க் குளவி ஒரு புழுவின் மேலோ உள்ளேயோ முட்டையிடும். பொரித்து வருவது அந்தப் புழுவைத் தின்றே வளரும். சில இனங்கள் முதலிலேயே கொட்டிப் புழுவை அசையாமல் செய்துவிடும். சில இனங்கள் புழுவை நடமாடவும் மேயவும் விட்டு, அது பருத்த பிறகு முடிக்கும். டார்வின் 1860-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேவுக்கு எழுதிய கடிதத்தில், கருணையுள்ள கடவுள் இக்நியூமோனிட்களை இப்படி வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று எழுதினார். அதனால்தான் இப்போது அந்தக் குடும்பத்தையே டார்வின் குளவிகள் என்று அழைக்கிறார்கள். எனக்கு அதில் கொடூரம் என்று எதுவும் தோன்றுவதில்லை. ஒரு தாய் தன் பிள்ளைக்கு இடம் தேடும் பொறுமைதான் கண்ணில் படுகிறது.

இந்தப் பயணத்தில் அதை நேரிலேயே பார்த்தேன். 1,700 மீட்டரில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. நீண்ட ஊசிக் குளவி ஒன்று அதன் மேல் வந்து உட்கார்ந்தது. உணர்கொம்புகளின் நுனியால் பட்டையைத் தட்டித் தட்டி நடந்தது. ஒரு இடத்தில் நின்று, திரும்பி, மறுபடி அதே இடத்துக்கு வந்தது. பிறகு வயிற்றை உயரத் தூக்கி, உடம்பைவிட நீளமான, முட்டையிடும் அந்த ஊசியைச் செங்குத்தாக நிறுத்தித் துளைக்கத் தொடங்கியது. தலைமயிர் அளவே இருக்கும் அந்த ஊசி உண்மையில் மூன்று இழை சேர்ந்தது. கீழ் இழைகள் இரண்டும் மாறி மாறி முன்னும் பின்னும் வழுக்கிச் சென்று மரத்துக்குள் இறங்கும். சில இனங்களில் நுனி துத்தநாகமோ மாங்கனீசோ சேர்ந்து கெட்டிப்பட்டிருக்கும். மரத்துக்குள் எங்கோ ஒளிந்திருக்கும் ஒரு புழுவுக்காக அரை மணி நேரத்துக்கும் மேல் அது நகரவே இல்லை. நானும் நகரவில்லை. வலை கையில்தான் இருந்தது, வீச மனம் வரவில்லை.

சரி, கணக்கெடுப்பில் என்ன தெரிகிறது என்று கேட்பாய். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறைகிறது. ஆனால் குளவி வகைகள் அதே சீராகக் குறைவதில்லை. எங்கள் புட்டிகளில் அடிவாரத்தைவிட நடு உயரத்தில்தான் டார்வின் குளவி வகைகள் அதிகம். அவற்றுக்கு ஈரம் வேண்டும். உலர்ந்த வெயிலில் சீக்கிரம் துவண்டுவிடும், மூட்டம் தவழும் காட்டில் நாள் முழுக்கப் பறக்கும். ஆனாலும் இதை நான் உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளர் தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு மலேய்ஸ் பொறி வைத்து, ஆண்டுக்கணக்கில் 500-க்கும் மேற்பட்ட இக்நியூமோனிட் இனங்களைப் பிடித்தார். வெப்பமண்டலத்தில் இந்தக் குடும்பம் குறைவு என்று 1970-களிலிருந்து பலரும் நம்பினார்கள். பிறகு பெரு நாட்டு அமேசான் காட்டில் பொறிகளை நீண்ட காலம் நிறுத்திப் பார்த்தபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. குறைவாக இருந்தது குளவிகள் அல்ல, தேடிய நாட்கள்தான். எங்களுடையது இரண்டாவது வருஷம். போன வருஷம் உச்சிப் புல்வெளியில் காற்று பொறியைக் கிழித்து, ஆறு வாரப் புட்டிகள் வீணாகின. அந்த ஆறு வாரம் என் அட்டவணையில் வெற்றிடமாகவே நிற்கிறது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். டி.என்.ஏ. எங்களுக்கு எதிரி இல்லை. ஒரு காலை எடுத்து, செல்லின் ஒரு குறிப்பிட்ட மரபணுவில் 650 எழுத்துகளுக்குச் சற்று அதிகமாகப் படித்தால் போதும். ஒன்றுபோலத் தெரியும் நூறு குளவிகளை ஒரே வாரத்தில் குழு குழுவாகப் பிரித்துத் தந்துவிடுகிறது. வேறு வேறு இனமென்று நாங்கள் ஒதுக்கி வைத்த ஆணும் பெண்ணும் ஒரே இனம் என்று காட்டியதும் அதுதான். ஆனால் அந்த எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்க்கப் பெயர் சூட்டிய மாதிரி ஏற்கெனவே இருக்க வேண்டுமே. இந்த மலையில் பிடிக்கும் குளவிகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி எதுவும் இல்லை. 2021-இல் கோஸ்டா ரிகா பிராக்கோனிட்களில் 403 புதிய இனங்களுக்கு ஒரே கட்டுரையில் பெயர் வைத்தார்கள், பெரும்பாலும் அந்த எழுத்துவரிசையையும் ஒரு படத்தையும் மட்டும் கொண்டு. உடலைப் பார்த்து எழுதாமல் இது சரியா என்று பெரிய வாதம் கிளம்பியது. அவர்களின் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பத்து வருஷம் கழித்து ஒரு மாணவர் லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு காட்டில் நிற்கும்போது, அந்தக் குளவியை அவரால் அடையாளம் காண முடிய வேண்டும் என்று நான் விரும்புகிறேன். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. அந்தக் கோஸ்டா ரிகா குளவிகளில் பல வெறும் புட்டியில் விழுந்தவை அல்ல. புழுக்களைப் பிடித்து வளர்த்துப் பெற்றவை, எந்தப் புழு எந்த இலையைத் தின்றது என்ற குறிப்போடு. எனக்குப் பொறாமை வருவது அந்தக் குறிப்புகள் மேல்தான்.

புட்டி ஒரு குளவி இங்கே இருந்தது என்று மட்டும் சொல்லும். அது எதைத் தின்று வளர்ந்தது, யார் வீட்டில் குடியிருந்தது என்று சொல்லாது. இரண்டு மாதத்துக்கு முன் 1,400 மீட்டரில் ஒரு பச்சைப் புழுவை இலையோடு எடுத்து டப்பாவில் போட்டேன். மூன்றாம் நாள் காலையில் அதன் பக்கத்தில் வெள்ளையாகப் பட்டுக் கூடுகள், அரிசி மணி அளவில், பத்து இருந்தன. தாய்க் குளவி முட்டையோடு ஒரு வைரஸையும் உள்ளே செலுத்தி, புழுவின் எதிர்ப்புச் சக்தியை அடக்கியிருக்கும். அதனால்தான் அத்தனை பேரும் உள்ளே பிழைத்து வளர முடிந்தது. சரி, பத்தும் ஒரே இனம் என்று குறித்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் ஏழு கூடுகளின் நுனி வட்டமாக, கத்தரியால் வெட்டியதுபோல் மூடி திறந்து, ஏழு கறுப்புக் குளவிகள் வந்தன. மீதி மூன்றும் அசையவில்லை. செத்துவிட்டன என்று நினைத்தேன். மேலும் பத்து நாள் கழித்து அவற்றின் பக்கவாட்டில், கடித்துப் பிய்த்த மாதிரி ஒழுங்கில்லாத ஓட்டைகள். வந்தவை வேறு குளவிகள், பச்சை மின்னும் கால்சிட்கள். குளவிக்குள் குளவி! நான் புழுவை எடுப்பதற்கு முன்பே, அதற்குள் இருந்த குளவிக் குஞ்சுகளில் மூன்றைத் தேடி வந்து இவற்றின் தாய் முட்டையிட்டிருக்க வேண்டும். அந்த இரண்டு இனமும் என் புட்டிகளில் எத்தனையோ முறை அடுத்தடுத்து மிதந்திருக்கும். ஒன்றுக்கு ஒன்று யார் என்று எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அந்த உறவு தெரிந்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு மரவள்ளியின் கதை ஒன்று போதும். 1970-களில் தென் அமெரிக்காவிலிருந்து ஒரு மாவுப்பூச்சி ஆப்பிரிக்காவுக்குப் போய் மரவள்ளியை நாசமாக்கியது. அதை அடக்கும் குளவியைத் தேடிப் போனவர்களுக்கு முதலில் கிடைத்தது ஏறக்குறைய அதே மாதிரி இருந்த வேறொரு மாவுப்பூச்சி. அதன் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியிடம் எடுபடவில்லை. 1981-இல் பராகுவேயில் சரியான மாவுப்பூச்சியும் அதன் குளவியான அனாகைரஸ் லோபெஸியும் கிடைத்த பிறகுதான் நிலைமை மாறியது. அந்த வருஷமே நைஜீரியாவில் அதை விட்டார்கள், பிறகு நாடு நாடாகப் பரவியது. கோடிக்கணக்கானவர்களின் சாப்பாடு தப்பியது. அந்த முயற்சியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தக் குளவி இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம்.

அதனால் இந்த வருஷம் வேலையைக் கொஞ்சம் மாற்றிவிட்டேன். பொறிகள் அப்படியே நிற்கும், பாதி நாட்கள் புழு தேடப் போகும். மெதுவான வேலை. பத்துப் புழுவில் ஆறு பூஞ்சை பிடித்துச் சாகும், இரண்டு பட்டாம்பூச்சியாகிப் பறந்துவிடும். ஆனாலும் அவசரப்பட வேண்டிய வேலை இது. வெயில் கூடக் கூடக் கீழே இருப்பவை மேலே ஏறும். 2,300 மீட்டரில் இருப்பவற்றுக்கு ஏற அதற்கு மேல் மலை இல்லை. புழு முன்னதாகப் பொரித்து, குளவி தாமதித்து வந்தாலும் அந்த உறவு அறுந்துவிடும். உச்சியில் இன்று யார் யாரை நம்பி வாழ்கிறார்கள் என்று எழுதி வைக்காவிட்டால், பிறகு எது போயிற்று என்றுகூட யாருக்கும் தெரியாது. ராத்திரியில் தூக்கம் வராதபோது எனக்குள் ஓடுவது இதுதான்.

உன்னிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். இந்தக் கடிதத்தோடு இரண்டு குளவிகளை அனுப்புகிறேன், முக்கோண அட்டையில் ஒட்டியிருக்கிறேன். ஒன்று மூடி வெட்டி வந்தது, இன்னொன்று ஓட்டை போட்டு வந்தது. பக்கத்திலேயே ஒரு சின்னக் குப்பியில் இரண்டு வெற்றுக் கூடுகளும் இருக்கின்றன. படம் எடுத்துப் பார்த்தேன், அந்த விளிம்பின் வித்தியாசம் படத்தில் வரவே இல்லை. நீ வரைந்து தர முடியுமா? அளவுக்கோடு போட மறக்காதே. முழங்கால் முழுசாகச் சரியானதும் 1,100 மீட்டர் வரைக்காவது ஒருமுறை வா. அதுவரை ஏற்றம் கடுமையாக இருக்காது, மெதுவாகவே நடக்கலாம்.

மேஜையில் இப்போது பன்னிரண்டு டப்பாக்கள் இருக்கின்றன. நான்காவதில் இன்று காலை ஒரு கூட்டின் நுனியில் வட்டமாகக் கீறல் விழுந்திருக்கிறது. போய்ப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்