'ஊழியர்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

வண்டலூர் உயிரியல் பூங்கா பற்றிப் போன வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். சிங்கத்துக்கு ஒரு பத்தி, வெள்ளைப் புலிக்கு ஒரு பத்தி, நீர்யானைக்குப் படத்தோடு அரைப் பக்கம். அங்கே வேலை பார்க்கும் மனிதர்களுக்கு மட்டும் 'இயக்குநர் தலைமையில் ஊழியர்கள் பராமரித்து வருகிறார்கள்' என்று ஒரே வரி. பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். 'தொழிலாளர்கள் பெட்டியைச் சரி செய்தார்கள்' என்று எங்களைப் பற்றி யாராவது எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

எங்கள் பக்கத்துப் பெரிசுகளுக்கு அந்தப் பூங்கா இன்னும் 'உயிர் காலேஜ்'தான். எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. இரண்டுக்கும் வேர் ஒன்று. 1855-ல் மியூசிய வளாகத்திலேயே தொடங்கிய மிருகக்காட்சிசாலை, அப்புறம் சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு வந்து, மாநகராட்சியின் கையில் வெகுகாலம் இருந்தது. சின்ன வயதில் மூர் மார்க்கெட்டுக்குப் போனால் அங்கே எட்டிப் பார்க்காமல் வீடு திரும்பியதில்லை. மூர் மார்க்கெட் எரிந்ததும், வண்டலூரில் புதுப் பூங்காவை எம்.ஜி.ஆர். திறந்ததும் ஒரே வருஷம், 1985. இடத்தோடு முதலாளியும் மாறி, பூங்கா வனத்துறையிடம் போய்விட்டது.

அதனால் அங்கே இருப்பது காட்டு இலாகாவின் ஏணி. இயக்குநர் இந்திய வனப்பணி (ஐ.எஃப்.எஸ்.) அதிகாரி. கீழே துணை இயக்குநர், உதவி இயக்குநர், ரேஞ்சர், வனவர் என்று இறங்கிக்கொண்டே போகும். 602 ஹெக்டேர் நிலம், மரம், வேலி, தண்ணீர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வர்தா புயலில் அங்கே சாய்ந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இது எத்தனை பெரிய வேலை என்று தெரியும்.

டாக்டர்கள் வேறு ஏணி. கால்நடை பராமரிப்புத் துறையிலிருந்து அயற்பணியில் வருகிறவர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லிருந்து இருக்கிறது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணையில். பூங்கா தெற்கே போனாலும் டாக்டர்களை உருவாக்கும் இடம் எங்கள் பக்கம்தான் என்று நாங்கள் பெருமை பேசிக்கொள்ளலாம்! இவர்கள் தவிர உயிரியலாளர், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கல்வி அலுவலர், தீனியை எடைபோட்டு வாங்கிக் கொடுக்க ஸ்டோர், டிக்கெட், பேட்டரி வண்டி, துப்புரவு என்று தனித்தனிப் பிரிவுகள். எங்கள் ஒர்க்ஸில் 'ஷாப்' என்போம், அங்கே 'செக்ஷன்' என்கிறார்கள்.

இத்தனைக்கும் அடியில் இருப்பவர், விலங்கைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் கீப்பர். அவரைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

போன கோடையில் பேத்தியை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். பெரம்பூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைத் தாண்டி பார்க் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி பிடிக்க வேண்டும். புலி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், "ஏம்ப்பா, சும்மாதானே நிக்கிறே, கல்லைப் போட்டு எழுப்பி வுடேன்" என்று கீப்பரிடம் சத்தம் போட்டார். கீப்பர் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டு நிழலுக்கு வந்தார். நான் பேச்சுக் கொடுத்தேன்.

காலையில் வந்ததும் இரவுக் கூண்டைத்தான் பார்ப்பாராம். கறி மிச்சம் இருக்கிறதா, தண்ணீர் குறைந்திருக்கிறதா, சாணம் இறுகலா, இளக்கமா. அதைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் மற்ற வேலை. "எலும்புல கறி ஒட்டியிருந்தா அன்னிக்கு டாக்டர் முதல்ல எங்க செக்ஷனுக்குத்தான் வருவாரு பெரியவரே" என்றார். பூட்டைப் பற்றிச் சொல்லும்போது அவர் கை தன்னால் மேலே போய், இல்லாத ஒரு பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது. அதை என் பேத்தியும் கவனித்தாள்.

எங்கள் ஒர்க்ஸில் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைச் சொல்கிற ஆள் இருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு அதிகாரி மாறுவார், அந்தக் காது மட்டும் அங்கேயே இருக்கும். பூங்காவிலும் இதே கதைதான். இயக்குநருக்கு மாற்றல் வரும். டாக்டர் அயற்பணி முடிந்து தன் துறைக்குப் போய்விடுவார். அந்தப் புலி குட்டியாக இருந்ததிலிருந்து எப்படிச் சாப்பிடும் என்று தெரிந்தவர் கூண்டுப் பக்கமே நின்றுகொண்டிருப்பார். பதவி வரிசையில் அவர் கடைசி.

2021-ல் வண்டலூர் சிங்கங்களுக்குக் கொரோனா வந்து, நீலா என்ற பெண் சிங்கம் ஜூன் 3-ம் தேதி இறந்தது. மாதிரிகள் போபால் ஆய்வகம் வரை போயின, பேப்பரில் எல்லாம் வந்தது. முதலில் தெரிந்த அறிகுறிகள் தீனி எடுக்காததும் இருமலும். மிஞ்சிக் கிடக்கும் கறி முதலில் யார் கண்ணில் படும்? ஆய்வகத்தின் பெயர் செய்தியில் வந்தது. கீப்பரைப் பற்றி நான் படித்த எதிலும் ஒரு வரி இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு வார விடுமுறை. கூட்டம் இல்லாத அந்த நாளில், அனுமதி வாங்கி, உங்கள் நிருபரை இன்னொரு தடவை அனுப்புங்கள். அலுவலகத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பாமல், காலை ஏழு மணிக்கே பின்பக்கக் கூண்டு வரிசைக்குப் போகச் சொல்லுங்கள். நாற்றம் அடிக்கும், கைக்குட்டை கொண்டுபோனால் நல்லது.

ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி,
பெரம்பூர், சென்னை-11.