விடுமுறை மலரில் விட்டுப்போன ரயில்பாதை

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் கோடை விடுமுறைச் சிறப்பிதழைப் படித்தேன். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, அப்புறம் வழக்கம்போல ஒரு வெளிநாடு. படங்கள் அருமை. ஆனால் நாலு பேர் உள்ள குடும்பம் கடன் வாங்காமல் போய்வரக்கூடிய இடம் ஒன்றாவது உண்டா என்று தேடினால் அகப்படவில்லை. அதே இதழில், மனச்சோர்வு நீங்கக் கைவேலை செய்யுங்கள் என்று ஒரு கட்டுரை. கூடவே, ஆன்லைனில் பெட்டியாக வாங்கக்கூடிய கைவேலைப் பொருட்களின் விலைப்பட்டியல். ஊர்சுற்றுவது ஒரு பக்கம், கைவேலை இன்னொரு பக்கம் என்று பிரித்துப் போட்டதில்தான் எனக்கு மனத்தாங்கல். எங்கள் பக்கத்தில் இரண்டும் ஒரே ரயில்பாதையில் கிடைக்கின்றன.

திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினால், பேட்டை தாண்டியதும் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் (எங்கள் வாயில் அம்பை) என்று வரிசையாக வரும். நூறு வருஷத்தைத் தாண்டிய பாதை இது, 2012-இல்தான் அகலப்பாதை ஆனது. அம்பைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். சேரன்மகாதேவியில் இறங்கிப் பத்தமடைக்குப் பஸ் பிடித்தால் பாய். காருகுறிச்சியில் மண்பானை. வீரவநல்லூரில் கைத்தறி. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம். அம்பையில் மரச்சொப்பு. அல்வாவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, அதற்கு உங்களிடமே ஆள் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று மட்டும் யாரும் கிளம்ப வேண்டாம். ஒரு நாளைக்கு ஓர் ஊர், மிஞ்சினால் இரண்டு. பார்ப்பதற்கு அங்கே ‘பாயின்ட்’ எதுவும் கிடையாது. ஒருவர் வேலை செய்கிற இடத்தில் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நேரம் வேண்டும்.

பத்தமடையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். புவிசார் குறியீடு கிடைத்ததையும் எழுதிவிட்டார்கள். வீட்டுத் திண்ணையில் நடப்பது அதைவிட சுவாரசியம். ஆற்றங்கரையில் விளைகிற கோரையைப் பச்சையாக அறுத்துக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். அது ஊதிப் பருத்ததும் எடுத்து, மறுபடி காயவைத்து, இழை இழையாகக் கிழிக்கிறார்கள். சாதாரணப் பாய்க்குத் தடித்த கோரை போதும். பட்டுப்பாய் என்றால் ஒரு கோரையைப் பலவாகக் கிழித்தாக வேண்டும். பிறகு தரையோடு தரையாக நீளவாட்டில் கட்டிய நூல் பாவுக்குள் நீளமான குச்சியால் ஒரு கோரையைக் கொண்டுபோக வேண்டும், அச்சு என்கிற பலகையை இழுத்து ஓர் அடி அடிக்க வேண்டும். மறுபடி ஒரு கோரை, ஓர் அடி. நான் போனபோது ஒரு வீட்டில் கல்யாணப் பாய் ஓடிக்கொண்டிருந்தது. பெண், மாப்பிள்ளை பேரைப் பாயிலேயே நெய்வது அந்த ஊர் வழக்கம். மாப்பிள்ளை பேரில் ஒரு ‘ம’ எழும்பி முடிவதற்குள் எனக்குக் கொடுத்த டீ ஆறிப்போனது. நல்ல பட்டுப்பாய் புடவை மாதிரி மடியும் என்கிறார்களே, அது விளம்பரத்துக்குச் சொன்னதில்லை என்பது அங்கே கையில் வாங்கிப் பார்த்தால் தெரியும்.

விலை ஆயிரக்கணக்கில்தான். ‘ஒரு பாய்க்கா இவ்வளவு?’ என்பவர்கள், அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் கேட்கட்டும். முடியாதவர்களுக்குக் கைப்பை, சாப்பாட்டு மேஜை விரிப்பு என்று சின்னச் சின்னச் சாமான்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் போகாதீர்கள், ஜும்மா நேரம். நெய்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். வேலையும் வீட்டுக்குள்ளேதான். வாசலில் நின்று கேட்டு, உள்ளே கூப்பிட்டால் போக வேண்டும். செல்போனை நீட்டியபடியே நுழைகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தன் வீட்டு அடுப்படிக்குள் ஒருவர் இப்படி வந்தால் சும்மா இருப்பார்களா?

ரயிலுக்கு வருகிறேன். எப்போது ஏறினாலும் கையில் ஒரு வயர் கூடை இருக்கும். அடி போட்டு முடித்து, சுற்று ஏறத் தொடங்கிய கூடைதான் பயணத்துக்குத் தோது. அடி போடுகிறபோது வயர் நாலு திசையிலும் நீட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைக் குத்தும். சுற்று ஏறிவிட்டால் மடியில் அடங்கிவிடும். அதை எடுத்த மறுநிமிஷம் எதிர் சீட்டில், என்ன முடிச்சு என்று பேச்சு தொடங்கும். “யக்கா, இது சிவன் கண்ணா, நெல்லிக்காய் முடியா?” “எங்கம்மை போடுவா. கைப்பிடிக்கு மட்டும் அடுத்த வீட்டு அத்தையைக் கூப்பிடுவா.” ஒருமுறை கல்லூரிப் பெண் ஒருத்தி சேரன்மகாதேவியில் கேட்க ஆரம்பித்து வீரவநல்லூருக்குள் சாதா முடியைப் பழகிவிட்டாள். இறங்கும்போது, மிச்ச வயரைத் தர முடியுமா என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். பெட்டியில் அடைத்து விற்கிற கைவேலைச் சாமானில் இது கிடைக்குமா, சொல்லுங்கள்.

வயரும் பிளாஸ்டிக்தானே என்று உங்கள் வாசகர் யாராவது எழுதுவார். ஆமாம், பிளாஸ்டிக்தான். 2019-இல் கேரி பேக்கைத் தடை செய்தபோது பரணில் கிடந்த வயர் கூடைகள்தான் பல வீடுகளில் கீழே இறங்கின. ஒரு கூடை ஒழுங்காகப் போட்டால் வருஷக்கணக்கில் உழைக்கிறது. அதோடு அந்த வழக்கை முடித்துக்கொள்கிறேன்.

இந்தக் கூடை எனக்குச் செய்கிற உபகாரம் வேறு. ஒரு வேலையில் கை பழகிவிட்டால் அடுத்தவர் கைவேலையில் கண் தானாக நிற்கிறது. கூடைக்கு வாய் கட்டி, வயர் நுனியை உள்ளே மடித்துச் செருகிப் பழகியவள் பத்தமடைப் பாயில் முதலில் பார்ப்பது ஓரத்தைத்தான். கோரை நுனியை எங்கே ஒளித்தார்கள் என்று தேடுவேன். என்னோடு வந்த தங்கச்சி நிறத்தைப் பார்த்தாள், விலையைப் பார்த்தாள், பத்து நிமிஷத்தில் கிளம்பலாமா என்றாள். அதனால்தான் சொல்கிறேன், கைவேலையும் ஊர்சுற்றலும் சேர்ந்தே இருக்கட்டும்.

காருகுறிச்சி என்றால் பெரியவர்களுக்கு அருணாசலத்தின் நாதஸ்வரம் நினைவுக்கு வரும். அங்கே சக்கரத்திலிருந்து இறங்குகிற பானைக்கு அடிப்பாகம் கிடையாது. கொஞ்சம் இறுகியதும், உள்ளே உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுகிறார்கள். வருஷா வருஷம் பொங்கப்பானை வாங்குகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? பிள்ளைகளைக் கூட்டிப்போனால், கேட்டு ஒரு பிடி களிமண் வாங்கிக் கொடுங்கள். ஆனால் அதற்கும் காசு கொடுத்துவிடுங்கள். குளத்து மண் சும்மா வருவதில்லை, அனுமதி வாங்க வேண்டும், வண்டி வாடகை கொடுக்க வேண்டும்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கட்டு வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். அதைத் தாண்டினால் தாமிரபரணிப் பாலம், அக்கரையில் அம்பை. சொப்புச் செய்கிற கடைசல் பட்டறை வாசலில் மரத்தூள் வாசனை தூக்கும். சுற்றுகிற மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசுகிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் பிடித்துக்கொள்கிறது. வெறும் கட்டையாக இருந்தது கண்ணெதிரே சிவப்பு உரலாகிவிடும். அம்மி, ஆட்டுக்கல், அடுப்பு, பானை என்று செட்டாகவும் தருவார்கள். பேத்திக்கு என்று வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்ட பாட்டிமார் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். மதியம் படித்துறையில் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் அணை திறந்திருக்கிறார்களா என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டுத் தண்ணீரில் கால் வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படி ஒரு ரயில்பாதையோ பஸ் தடமோ இருக்கத்தான் செய்யும். அந்தந்த ஊர் வாசகர்களையே எழுதச் சொல்லி, இதழுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்தக் கிழமை போகக்கூடாது, எங்கே உட்கார விடுவார்கள், பிள்ளைகள் எதைத் தொட்டுப் பார்க்கலாம், சுமாராக என்ன விலை என்பதெல்லாம் வரட்டும். செய்கிறவரின் போட்டோவை அவர் சரி என்றால் மட்டும் போடுங்கள். ‘பேரம் பேசி வாங்குங்கள்’ என்ற வரி தயவுசெய்து வேண்டாம். உங்கள் சிறப்பிதழில் அது இரண்டு இடத்தில் இருந்தது. ரயில் நேரத்தை அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அடிக்கடி மாற்றிவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை.